மாரிமுத்து அனுப்பாத வீடியோ

அக்கா,

நேற்று மகள் என் மேஜை இழுப்பறையை ஒழித்துக்கொண்டிருந்தாள். பழைய போன் ஒன்று கிடைத்தது. அதைக் கடையில் கொடுத்தால் புதிய போனின் விலையில் கொஞ்சம் கழித்துக்கொள்வார்களாம். "ஜஸ்ட் வைப் இட்ம்மா" என்று சார்ஜரில் செருகிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். ஒரு வீடியோ ஓடியது. மாட்டுக் கொட்டகை ஒன்றின் முன்னால் நின்று ஒருவர் நாதஸ்வரம் வாசித்தார். மேலே துண்டு மட்டும், நெற்றி நிறைய விபூதி. பின்னால் கன்றுக்குட்டி விடாமல் கத்திக்கொண்டிருந்தது. ஒரு நிமிடம் ஆனதும் வாத்தியத்தை இறக்கி, போனைப் பார்த்து, "போதுங்களாம்மா?" என்று கேட்டார்.

கொரோனா வந்த வருடம், வேலையில்லாமல் இருந்த கலைஞர்களுக்கு நிதி திரட்டினோமே, அப்போது நாம் கேட்டு வாங்கிய வீடியோக்களில் அது ஒன்று. மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொன்றாக எல்லாவற்றையும் பார்த்தேன். நீங்கள் போய் இரண்டு குளிர்காலம் ஆகிறது. இதை உங்களைத் தவிர வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

நிதியை ஆரம்பித்தது நீங்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து வந்து, மான்மவுத் ஜங்ஷனில் உங்கள் வீட்டு பேஸ்மென்ட்டில் தங்காத குழு எது? தமிழ்ச் சங்க விழாவுக்கு வருகிறவர்களை ஹோட்டலில் தங்கவைக்கலாம் என்று கமிட்டி சொன்னபோதெல்லாம், "ஹோட்டல்ல ரசம் யாரு குடுப்பா?" என்று கேட்டு வாயை அடைத்துவிடுவீர்கள். பங்குனியில் தொடங்கி ஆடி வரை ஊர்த் திருவிழாக்களில் கிடைப்பதை வைத்துத்தான் அவர்கள் வருடம் முழுவதையும் ஓட்டவேண்டும். அந்த வருடம் பங்குனியிலேயே எல்லாம் நின்றுபோனது. வைகாசி பிறந்தபோது என்னை அழைத்தீர்கள்.

"நாம கூப்பிட்டப்பல்லாம் வந்தாங்கடி. இப்ப சாப்பிட்டாங்களான்னு நம்மள்ல ஒருத்தராவது கேட்டோமா?"

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஜூமில் கூட்டம். டெக்சஸ் ஆலனிலிருந்து ஒரு டாக்டர் பேசினார். "பணம் குடுக்கறதுல எனக்கு ப்ராப்ளம் இல்ல ஆன்ட்டி. ஆனா இவங்க நிஜமாவே ஆர்ட்டிஸ்ட்தான்னு எப்படி வெரிஃபை பண்றது? தவில்காரன்னு யார் வேணா சொல்லலாமே." கேள்வியில் தவறில்லை. பதில் சொன்னது நான். ஒவ்வொருவரும் ஒரு நிமிடம் வாசித்தோ ஆடியோ வீடியோ அனுப்பட்டும், அதைப் பார்த்துப் பெயர் சேர்க்கலாம் என்றேன். கலிபோர்னியா டப்ளினிலிருந்து பேசிய பெண், "சூப்பர் ஆன்ட்டி, டோனர்ஸுக்கும் ஷேர் பண்ணலாம்" என்றாள். எல்லாரும் தலையாட்டினார்கள். திரையில் உங்கள் சதுரம் மட்டும் அசையவில்லை.

கூட்டம் முடிந்ததும் போன் செய்தீர்கள்.

"ஏண்டி, பசிக்குதுன்னு வந்தவன்கிட்ட, ஒரு பாட்டுப் பாடிக் காட்டு, அப்புறம் சோறு போடறேன்னு சொல்ற மாதிரி இல்ல?"

"ஆதாரம் வேணும்க்கா. நாளைக்கு யாரும் ஒரு வார்த்தை கேட்டுடக் கூடாது."

"சாமியே எதுக்க வந்து நின்னாலும் நீ ஐடி கேப்ப."

நீங்கள் சிரித்தீர்கள், நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் எழுதித் தந்த பட்டியலில் முதல் பெயர் மாரிமுத்து. திருவாரூர்ப் பக்கம், தவில். அதற்கு மூன்று வருடம் முன்பு வந்து பத்து நாள் உங்கள் பேஸ்மென்ட்டில் இருந்தார். விரல்களில் மாட்டிக்கொள்ளும் கூடுகளைப் பசை தடவி உங்கள் அடுப்புக்கு மேல் ஜன்னல் விளிம்பில் காயவைப்பார். ஒருநாள் நீங்கள் அப்பளம் பொரித்த புகையில் ஸ்மோக் அலாரம் அலறியது. நாங்கள் துண்டை எடுத்து வீசிக்கொண்டிருக்க, அவர் மேஜையில் உட்கார்ந்து அந்த அலறலுக்குத் தாளம் தட்டிக்கொண்டே இருந்தார். அலாரம் நின்றதும், "அதுக்குள்ள நிறுத்திட்டீங்களேம்மா, இப்பத்தான் கணக்குல வந்துச்சு" என்றார். நீங்கள் சிரித்துச் சிரித்து அப்பளத்தைக் கருக்கிவிட்டீர்கள்.

கரகம் ஆடுகிற பெண்கள் முற்றத்தில் ஆடி அனுப்பினார்கள். கூத்து ஆடுகிறவர் ஒருவர் வேஷம் கட்ட வழியில்லாமல் லுங்கியோடு நின்று ராஜா வசனம் பேசினார். மாரிமுத்துவிடமிருந்து வரவில்லை. நானே அழைத்தேன். மச்சானிடம்தான் நல்ல போன் இருக்கிறது, வந்ததும் எடுத்து அனுப்புகிறேன் என்றார். இரண்டாம் முறை, மழை பெய்கிறது, சத்தம் சரியாக விழாது என்றார். மூன்றாம் முறை, "அம்மாகிட்ட சொல்லிடுங்க, கண்டிப்பா அனுப்பிடறேன்" என்றார். நான்காம் முறை போனை எடுக்கவில்லை.

முப்பது வருடம் செய்தியாளராக இருந்தவள் நான். மூன்று முறை மூன்று காரணம் சொல்கிற ஆள் எதையோ மறைக்கிறார் என்று தெரிந்துகொண்டேன். அதில் தவறவில்லை. எதை மறைக்கிறார் என்பதில்தான் தவறினேன்.

"அவனை எனக்குத் தெரியும்டி. பத்து நாள் என் கையால சாப்பிட்டவன். நான் சொன்னா போதாதா?" என்று கேட்டீர்கள்.

"உங்களுக்குத் தெரிஞ்சவர்னு ஒருத்தரைச் சேத்தா, வீடியோ அனுப்பின மத்தவங்களுக்கு என்னக்கா பதில் சொல்றது?"

அப்படியானால் தனியாக ஏதாவது அனுப்பிவிடுகிறேன் என்றீர்கள். பொறுப்பில் இருப்பவர் ஒருவருக்கு மட்டும் தனியாகக் கொடுத்தால் பேச்சு வரும் என்று அதையும் தடுத்தேன். "சரி, நீ சொன்னா சரி" என்றீர்கள். அந்த வெள்ளிக்கிழமை பட்டியலை முடித்தேன். அவர் பெயரை அடித்து நீக்கினேன்.

தை மாதம், கொட்டகை முன்னால் வாசித்த அந்த நாதஸ்வரக்காரர் பொங்கல் வாழ்த்துச் சொல்ல அழைத்தார். மாரிமுத்துவோடு பல வருடம் சேர்ந்து வாசித்தவர் என்பதால் அவரைப் பற்றிக் கேட்டேன்.

"அவரு தவிலச் சித்திரையிலேயே அடகு வச்சிட்டாரேம்மா. நீங்க வாசிச்சுக் காட்டச் சொன்னீங்க, எதை வச்சு வாசிப்பாரு? இரவல் கேக்கவும் வெக்கப்பட்டாரு. மீக்க முடியாம மூழ்கிப் போச்சு. இப்பத் திருப்பூர்ல பனியன் கம்பெனியில வாட்ச்மேனா இருக்காரு."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "தவில அடகு வச்சேன்னு தவில்காரன் எப்படிம்மா சொல்லுவான்?" என்றார்.

நாம் மற்றவர்களுக்கு அனுப்பிய உதவி அந்தத் தவிலை மீட்கப் போதுமானது. வாத்தியம் கையில் இருந்தவர்கள் எல்லாரும் வாசித்துக் காட்டினார்கள். விற்கவும் அடகு வைக்கவும் வேண்டிய நிலைக்குப் போனவரை என் விதி வெளியே நிறுத்திவிட்டது.

அன்றே உங்கள் வீட்டுக்கு வந்து சொன்னேன். கறிவேப்பிலை உருவிக்கொண்டிருந்தீர்கள். அடுப்பை அணைத்தீர்கள். திட்டுவீர்கள் என்று காத்திருந்தேன்.

"எனக்குத் தோணுச்சுடி. கையில தவில் இருந்தா அவன் வாசிக்காம இருக்க மாட்டானேன்னு தோணுச்சு. தோணியும் வாயை மூடிட்டிருந்தேன். நீ தெரியாம கேட்ட, நான் தெரிஞ்சே விட்டுட்டேன்."

அன்றைக்குக் காபி தரவில்லை. நமக்குள் பழக்கமான அத்தனை வருடங்களில் அது ஒருமுறைதான்.

சங்கத்தில் மறுபடி மேடை போட ஆரம்பித்தபோது நீங்களே அவரை அழைத்தீர்கள். புதுத் தவில் வாங்கித் தருகிறேன், குழுவோடு கிளம்பி வா என்றீர்களாம். "கை விட்டுப் போச்சும்மா. அந்த செட்டுல இப்ப வேற ஆளு வாசிக்கிறாரு. அவரு பொழப்புல நான் ஏன் குறுக்க வரணும்?" என்றாராம். இதை ஒரே ஒருமுறை என்னிடம் சொன்னீர்கள். பிறகு உங்களுக்கு உடம்பு முடியாமல் போனது, ஆஸ்பத்திரி, கீமோ. அந்தப் பேச்சை நாம் மறுபடி எடுக்கவில்லை.

போன மாதம் அந்த டப்ளின் பெண் அழைத்தாள். பொய்க்கால் குதிரை ஆடுகிறவர்களுக்கும் கூத்துக்காரர்களுக்கும் மறுபடி நிதி திரட்டுகிறார்கள். கலைஞர்கள் நிரப்புவதற்கு விண்ணப்பப் படிவம் எழுதித் தரச் சொன்னாள். எழுதி அனுப்பினேன். "வெரிஃபிகேஷன் ஸ்டெப் மிஸ்ஸிங் ஆன்ட்டி" என்றாள். கூட ஆடுகிறவர்கள் இரண்டு பேர் சொன்னால் போதும் என்றேன். காரணம் கேட்டாள். நேரமில்லை என்று போனை வைத்துவிட்டேன்.

நீங்கள் போன செய்தியை அப்போது மாரிமுத்துவுக்குச் சொன்னது நான்தான். எனக்குக் காலை, அவருக்கு இரவு ஷிஃப்ட் தொடங்குகிற நேரம். பின்னால் லாரி ஒன்று பின்வாங்குகிற சத்தம் கேட்டது. "அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்களா?" என்று கேட்டார். கடைசி வாரம் மட்டும் என்றேன்.

"வீடியோ அனுப்பறேன்னு மூணு வாட்டி சொல்லி அம்மாவ ஏமாத்திட்டேன். அப்புறம் அவங்களே கூப்பிட்டுப் பேசினாங்க, அதைப் பத்திக் கேக்கவே இல்ல. எனக்கும் சொல்ல வாய் வரல. என் மேல கோவமா இருந்தாங்களாம்மா?"

இல்லை என்றேன். அது உண்மை. வீடியோ கேட்டது நீங்கள் இல்லை, நான். பெயரை அடித்ததும் நான். நீங்கள் தனியாக அனுப்ப இருந்ததைத் தடுத்ததும் நான். இந்த மூன்று வரியையும் சொல்லியிருக்க வேண்டும். யார் செய்தார்கள் என்று பெயர் போட்டு எழுதுவதுதான் முப்பது வருடம் நான் செய்த வேலை. "கேட்டுக்கு வண்டி வந்துடுச்சும்மா" என்று அவர் சொல்லும்வரை போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்லவில்லை.

அவர் எண் என்னிடம் இருக்கிறது. எந்த நேரத்தில் அழைத்தால் எடுப்பார் என்பதும் தெரியும். உங்களுக்கு இவ்வளவையும் எழுதிவிட்டேன், அவருக்கு இன்னும் போன் செய்யவில்லை. உங்களை ஏமாற்றியது தான்தான் என்று நினைத்துக்கொண்டு அந்த மனிதர் அந்த கேட்டில் உட்கார்ந்திருக்கிறார்.