தோட்டத்தைத் துண்டு போடும் கூட்டில் உன் இடம்

என் வேலு அண்ணே,

நீ போன இடத்துக்குத் தபால் போகாது. அதனால்தான் இதைப் பத்திரிகைக்கு அனுப்புகிறேன், நாலு பேர் படிக்கட்டும். உன்னைப் பற்றி நல்லதாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஒத்துக்கொள்ளவில்லை.

உன் கொலை வழக்கு முடிந்த மூன்றாம் நாள், காஜா பேராங்கில் நம் வீட்டுக்கு உன் முதலாளி ராஜமாணிக்கம் வந்தார். மெர்டேக்கா என்று சுதந்திரம் கிடைத்ததிலிருந்து வெள்ளைக்காரத் துரைமார் ரப்பர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கப்பலேறுகிறார்கள். அவற்றை மொத்தமாக வாங்கித் துண்டு துண்டாக விற்பதற்கு அவர் ஒரு கூட்டு வைத்திருக்கிறார் என்பது ஊருக்கே தெரியும். ஒருத்தர் நிலம் வாங்க ஆள் பிடிப்பார், ஒருத்தர் நில ஆபீஸில் காகிதம் நகர்த்துவார். லயத்து வரிசை வீடுகளில் குடியிருக்கும் பால்வெட்டுக்காரர்களைக் கிளப்புவது உன் வேலை. லயத்திலேயே பிறந்தவன் நீ. மாமா, அத்தை என்று முறை சொல்லிக் கூப்பிட்டே வீட்டைக் காலி செய்ய வைப்பாய் என்று என்னிடமே பெருமையாகச் சொன்னார்.

"வேலு எடம் காலியா கெடக்கு தங்கச்சி," என்றார். "ஆம்பளைங்க வெட்டுக்குப் போனா லயத்துல பொம்பளைங்கதான். நீ போனா வீட்டுக்குள்ளயே விடுவாங்க. அந்தப் புக்கிட் ரம்பாய் பக்கத்துத் தோட்டத்த மட்டும் முடிச்சுக் குடு. உங்கண்ணனக் கொன்ன லயம்லா அது? உனக்கும் மனசு ஆறும்."

நீ சும்மா பேசத்தான் போனாய் என்றார். முனியன் என்கிறவன் பின்னால் வந்து, பால் வாளி தூக்கும் காண்டாக் கம்பால் உன் மண்டையில் போட்டான் என்றார். கோர்ட்டில் முனியனுக்கு ஏழு வருஷம் கொடுத்தது எனக்குப் போதவில்லை. உன் தலையைக் கழுவியவள் நான். தண்ணீர் தெளியவே இல்லை, அண்ணே. மூன்று குடம் ஊற்றியும் சிவப்பாகவே ஓடியது.

அதனால் உண்மையைச் சொல்கிறேன். கூட்டில் சேர்ந்துவிடலாம் என்றுதான் முடிவு செய்தேன். பிழைப்புக்காக இல்லை. அந்தப் பதினாறு வீட்டையும் என் கையாலேயே பிரிக்க வேண்டும், அந்தப் பெண்கள் ரோட்டில் நின்று அழுவதைப் பார்க்க வேண்டும் என்ற வெறி. பிரம்புக் கூடையில் பாராங் கத்தியைச் சேலைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டு, பகல் பஸ்ஸில் தனியாகப் போனேன்.

லயத்தில் எல்லாக் கதவிலும் காய்ந்த வேப்பிலை தொங்கியது. கடைசி வீட்டுக்கு மட்டும் பாதிக் கூரை இல்லை. முனியன் பெண்சாதி கன்னியம்மா வாசலில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். நான் யார் என்று சொன்னேன். பிள்ளையை உள்ளே கிடத்திவிட்டு வந்தாள். வந்ததும் அவள் கொண்டையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளினேன். முகத்திலேயே அறைந்தேன், எத்தனை என்று தெரியாது. அவளும் சும்மா இருக்கவில்லை. இடது கையால் மண்ணை வாரி என் கண்ணில் அடித்து, தோளைக் கடித்துச் சதையைப் பிய்த்துவிட்டாள். நான் கூடையைத் தேடிக் கத்தியை எடுத்தேன்.

அப்போதுதான் அவள் வலது கையைப் பார்த்தேன். முழங்கைக்குக் கீழே எலும்பு வரை வெட்டித் தைத்த தழும்பு. விரல்கள் மடங்கவில்லை.

"வெட்டு," என்றாள். "மிச்சத்தையும் வெட்டு. உங்கண்ணன் பாதி வெட்டிட்டுப் போயிட்டான்."

கத்தியைக் கீழே போட்டேன். அவள் சொன்னதை நீயும் கேள். பிள்ளை பெற்ற வீட்டுக் கதவிலும் அம்மை கண்ட வீட்டுக் கதவிலும் வேப்பிலை செருகினால் யாரும் அந்த வீட்டைத் தொட மாட்டார்கள் அல்லவா? அதை நம்பி, கூட்டு ஆட்கள் வருகிறார்கள் என்று தெரிந்ததும் பதினாறு வீட்டுப் பெண்களும் வேப்பிலை செருகியிருக்கிறார்கள். பதினைந்து வீட்டில் பொய். கன்னியம்மா வீட்டில் மட்டும் பிள்ளை பிறந்து மூன்று நாள்.

நீ வாசலில் நின்று சிரித்தாயாம். "ஒரே நாள்ல பதினாறு பிரசவமா? யாருக்கிட்ட கத விடுறீங்க? அக்கா, வெளிய வாங்க, தகரத்தக் கழட்டப் போறேன்!" அவள் உள்ளேயிருந்து கத்தியிருக்கிறாள், பச்சைப்பிள்ளை இருக்கிறது, தம்பி, எழுந்திருக்க முடியவில்லை என்று. நீ ஏணியில் ஏறி ஆணியைப் பிடுங்கினாய். கூரைத் தகரம் சரிந்து உள்ளே விழுந்தது. பிள்ளைமேல் விழாமல் அவள் கையைக் கொடுத்தாள். அந்தச் சத்தத்துக்குத்தான் பால் வெட்டிக்கொண்டிருந்த முனியன் மலைக்காட்டிலிருந்து ஓடி வந்திருக்கிறான்.

அவள் கத்தியது உனக்குக் கேட்டதா, அண்ணே? கேட்டும் பொய் என்று நினைத்தாயா? இதை உன்னிடம் கேட்க முடியாமல் நான் படுகிற பாடு உனக்குத் தெரியுமா?

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தது யார் என்றும் கேட்டேன். ராஜமாணிக்கம். முதல் அடி விழுந்ததுமே காரில் ஏறிவிட்டாராம். நீ மண்ணில் கிடந்து "முதலாளி, முதலாளி" என்று கூப்பிட்டாயாம்.

வீடு திரும்பியதும் என் தோள் கிழிந்திருந்ததைப் பார்த்து, மலாய் மட்டுமே பேசும் பக்கத்து வீட்டுச் செட்டி அக்கா அந்தப் பாஷையில் திட்டிக்கொண்டே மஞ்சள் அரைத்துப் போட்டார். மறுநாள் ஜாலான் பெண்டஹாராத் தெருவுக்குப் போனேன். ஜவுளிக்கடைக்கு மேலே ராஜமாணிக்கத்தின் ஆபீஸில், உன் நாற்காலி சுவர் ஓரம் கிடந்தது.

"ஏணியப் புடிச்சது நீங்கதானே?"

"வேலைன்னா அப்பிடி இப்பிடி நடக்கும்லா, தங்கச்சி. நீ உக்காரு."

செருப்பைக் கழற்றி வாயிலேயே போட்டேன். பல் உதட்டில் குத்தி ரத்தம் வந்தது. இரண்டாவது அடி மூக்கில். கீழே சேலை எடுக்க வந்தவர்கள் மாடிப்படிவரை வந்துவிட்டார்கள். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, அவர் கூட்டில் நான் சேரவில்லை என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

இப்போது நானே ஒரு கூட்டு வைத்திருக்கிறேன். சிரிக்காதே. லயம் காலியானால்தான் ராஜமாணிக்கத்திடம் துண்டு வாங்குகிறவர்கள் பணம் கட்டுவார்கள். தோட்டத்துத் துரையும் விற்பனைக்கு இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அதற்குள் பதினாறு குடும்பமும் சேர்ந்து லயத்தையும் அதை ஒட்டிய மேட்டையும் விலைக்குக் கேட்கப்போகிறோம். எந்தக் காகிதத்தை எந்த மேசையில் கொடுக்க வேண்டும் என்று தினமும் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து நீ அளப்பாயே, அத்தனையும் எனக்கு மனப்பாடம். முதல் நாள் பேசும்போது ஒரு பெண் என் காலடியில் காறித் துப்பினாள். "வேலு தங்கச்சிய நம்பறதா?" என்றாள். கன்னியம்மா, "நம்ப வேணாம். அவளுக்கு வழி தெரியும், கூட வெச்சுக்குவோம்," என்றாள். எங்கள் இருவருக்கும் இடையில் அவ்வளவுதான் பேச்சு. நேற்று ராஜமாணிக்கத்தின் ஆட்கள் ஒரு லாரி ரௌடிகளை இறக்கினார்கள். பெண்கள் பால் வெட்டும் கத்தியோடு வரிசையாக நின்றோம். எனக்கு நெற்றியில் நாலு தையல். அவர்களில் ஒருவன் காதைப் பொத்திக்கொண்டு ஓடினான்.

தோற்றாலும் தோற்போம். நிலம் கிடைத்தால் கடைசி வீட்டுத் துண்டை முனியன் பெயரில்தான் எழுத வேண்டும் என்று கன்னியம்மா கேட்டாள். அன்றிரவு நான் சாப்பிடவில்லை. காலையில் சரி என்றேன்.

அவனை மன்னித்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. உன்னை அடித்த அந்தக் கை அழுகட்டும். ஆனாலும் அவன் சிறையிலிருந்து திரும்பும் நாளில் அவன் வீடு முழுக் கூரையோடு அங்கே நிற்கும். அதற்கு நான் பொறுப்பு. பத்திரத்தை நானே அவன் கையில் கொடுப்பேன். அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர்கூடக் குடிக்காமல் திரும்பி வருவேன். இது உனக்குச் சத்தியம்.

நீ செய்ததற்குத் தலைகுனிந்தும், உன்னை விட்டுக்கொடுக்க முடியாமலும்,
உன் கூடப்பிறந்த
அஞ்சலை