வெள்ளிக்கிழமைகளில் மாடு ஏற்றாதவனுக்கு

மச்சான்,

இன்று காலை 401 நெடுஞ்சாலையில், மோர்னிங்சைட் வெளிவழிக்குக் கொஞ்சம் முன்னால், வாகனங்கள் அசையாமல் நின்றன. வெக்கை தாங்காமல் கார்க் கண்ணாடியை இறக்கினேன். பக்கத்து வரிசையில் ஒரு மாட்டு லொறி. அலுமினியச் சுவரின் துளைகளில் ஈர மூக்குகள். சாணமும் மூத்திரமும் நனைந்த வைக்கோலும் கலந்த மணம் உள்ளே வந்தது. முன்னால் நின்ற காரில் இருந்த பெண் அவசரமாகத் தன் கண்ணாடியை ஏற்றினாள். நான் ஏற்றவில்லை. வரிசை நகர்ந்து லொறி போன பிறகும் கொஞ்ச நேரம் இறக்கியபடியே விட்டிருந்தேன்.

நீ போய் ஒன்றரை வருடம். இந்த மடல் உனக்குக் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். நான் படித்தது எஞ்சினியரிங், போய்ச் சேராத இடத்துக்கு எதையும் அனுப்பிப் பழக்கமில்லை. ஆனாலும் எழுதுகிறேன். உன்னைப் பற்றி நம் சனம் சொல்லும் கதை பிழை என்பதுதான் காரணம். "பாவம், லொறி ஓடித் திரிஞ்ச பொடியன்" என்கிறார்கள். அந்தப் "பாவம்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பத்திக்கொண்டு வருகிறது.

நம் மூன்று பேருக்கும் சோறு போட்டது ஒரே மாடு என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். நான் வேலை செய்யும் கம்பனி ஸ்காபரோவில் உறைந்த மாட்டிறைச்சி பேர்கர் செய்கிறது. இறைச்சி எவ்வளவு வரும், எப்போது தட்டுப்பாடு வரும் என்று முன்கூட்டிச் சொல்வது என் வேலை. அதற்காக ஃபீட்லொட்டுகளில் எத்தனை மாடு நிற்கிறது என்ற மாதாந்த எண்ணிக்கையைப் பார்ப்பேன். ஃபீட்லொட் என்பது மாடுகளை ஆயிரக்கணக்கில் அடைத்து, சோளம் போட்டுக் கொழுக்க வைக்கும் பட்டி. அந்தப் பட்டிகளிலிருந்து மாடுகளை ஏற்றி வெட்டும் ஆலையில் இறக்குவது உன் வேலை. உன் அம்மா, எனக்கு அன்ரி, எங்கள் பேர்கர் தொழிற்சாலையின் பின்னேர ஷிஃப்டில் பெட்டி அடைப்பவர்.

இதில் அன்ரிக்குத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான். நீ ஏற்றுவது மாட்டுத் தீன் என்று அவரிடம் சொல்லியிருந்தாய்.

ரூஜில் உங்கள் வீட்டில் ஒரு வெள்ளிக்கிழமை தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். மாட்டிறைச்சி தின்னாத நீங்கள் மாட்டிறைச்சியிலேயே வேலை செய்கிறீர்களே என்று நான் வழக்கம்போல வாய்விட்டேன். அன்ரி கோபப்படவில்லை.

"நான் கையுறை போட்டுத்தானே தம்பி தொடுறன். வீட்டை வந்து தலைமுழுகினால் சரி. ஆனா உயிரோடை நிக்கிற வாயில்லாச் சீவனைக் கொண்டுபோய் வெட்டக் குடுக்கிறவன் இருக்கிறானெல்லே, அவன் எத்தினை பிறப்பு எடுத்தாலும் உந்தப் பாவத்தைக் கழுவேலாது."

நீ தலையை நிமிர்த்தாமல் சொன்னாய்: "அம்மா, இன்னொரு தோசை."

அந்தப் பொய்யைக் காப்பாற்ற நீ பட்ட பாடு! ஒவ்வொரு நாளும் லொறித் தரிப்பிடத்தில் குளித்து, உடுப்பு மாற்றி, சவர்க்கார வாசத்தோடு வீட்டுக்குப் போவாய். "என்ரை பிள்ளை மாதிரிச் சுத்தமான பிள்ளை இந்த நாட்டிலை இல்லை" என்று அன்ரி கோயிலில் சொல்லித் திரிந்தார். வெள்ளிக்கிழமைகளில் மாடு ஏற்றமாட்டேன் என்று கம்பனியிடம் எழுதி வாங்கியிருந்தாய். லொறி ஓட்டங்களைப் பிரித்துக் கொடுக்கும் அனுப்புநர் உன்னை முஸ்லிம் என்று முடிவு கட்டி, நோன்பு காலம் தொடங்கியதும் வாழ்த்துச் செய்தி அனுப்பினார். நீயும் நன்றி என்று பதில் போட்டாய். "ஏன்டா திருத்தேல்லை?" என்று கேட்டேன். "திருத்தினால் வெள்ளிக்கிழமையும் ஏத்தச் சொல்லுவான்" என்றாய்.

பிறகு அந்த வசந்தகாலம் வந்தது. நான் என் அறிக்கையை எழுதி மேலாளரிடம் கொடுத்திருந்தேன். ஃபீட்லொட்டுகளில் நிற்கும் மாடுகள் கிட்டத்தட்ட போன வருட அளவில்தான் இருக்கின்றன. இறைச்சி வரத்தும் அப்படியே இருக்கும். வருடாந்த ஒப்பந்தம் இப்போது வேண்டாம், தேவைப்படும்போது சந்தையில் வாங்கலாம். பதினெட்டுப் பக்கம், அழகான வரைபடங்கள். நான் சொன்னது பிழைத்து இறைச்சிக்குத் தட்டுப்பாடு வந்தால் முதலில் நிறுத்தப்படுவது பின்னேர ஷிஃப்ட் என்பது தொழிற்சாலையில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். எனக்கு என் எண்களில் சந்தேகம் இருக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை, மார்க்கம் வீதிக் கோப்பிக் கடையில், என் ஃபோனில் அதை வாசித்தாய்.

"என்ன மச்சான், மாடு குறையேல்லை எண்டு எழுதி வைச்சிருக்கிறாய்?"

"குறையேல்லைத்தானே. நம்பரைப் பார்."

"நம்பர் குறையேல்லை. மாடு குறைஞ்சு போச்சு."

"உது என்ன விசர்க்கதை?"

"முந்தி ஒரு லொறிக்கு ஏத்தினதிலும் பார்க்க இப்ப ஐஞ்சாறு குறைச்சுத்தான் ஏத்திறன். ஏன் எண்டு கேள்."

"சரி, ஏன்?"

"ஒவ்வொண்டும் ஆனை மாதிரி நிக்குது. கூட ஏத்தினால் நிறை பிழைச்சு றோட்டிலை மறிப்பான். எப்பவோ வெளிக்கிட்டிருக்க வேண்டிய மாடு இன்னும் பட்டியிலை நிண்டு தின்னுது. புதுசா வாறதுக்குக் கண்டுக்குட்டி இல்லை, அதாலை இருக்கிறதைப் பிடிச்சு வைச்சிருக்கிறாங்கள். போதாததுக்கு அதுக்குள்ளை பாதி நாகு."

நாகு என்றால் இன்னும் கன்று போடாத இளம் பசு என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பத்து வருடமாக ஆங்கிலத்தில் அதே சொல்லை அட்டவணையின் மூன்றாவது நிரலில் பார்த்துக் கடந்துகொண்டிருந்தவன் நான்.

"கண்டு போட வேண்டியதுகளையும் வெட்டக் குடுத்தால் பிறகு ஆர் கண்டு போடுறது? நீயே?"

"உன்ரை ஒரு லொறியை வைச்சு முழு நாட்டுக்கும் முடிவு சொல்லேலாது. சாம்பிள் காணாது," என்றேன். சொன்ன தொனி இப்போதும் என் காதில் கேட்கிறது. ஒரு பட்டம் வாங்கினவன் லைசென்ஸ் வாங்கினவனிடம் கதைக்கும் தொனி.

நீ கோப்பி மூடியைத் திறந்து ஊதினாய். "நீ எத்தினை பட்டி நேரை போய்ப் பாத்தனி?"

ஒன்றுகூட இல்லை.

மறுநாள் சனிக்கிழமை என்னை ஏற்றிக்கொண்டு இந்த நாட்டு லண்டன் நகருக்கு அப்பால் மூன்று பட்டிகளுக்குக் கூட்டிப்போனாய். முன்வரிசைகளில் மாடுகள் நெருக்கமாக நின்றன. என் எண் பிழையில்லை என்று நான் உள்ளுக்குள் சிரித்த நேரத்தில், நீ என்னைப் பின்பக்கம் கூட்டிப்போனாய். புதிதாக வரும் கன்றுகளை இறக்கும் அடைப்புகள் அங்கே இருந்தன. தொட்டிகள் காய்ந்து கிடந்தன. நிலத்தில் முழங்கால் உயரத்துக்குப் புல் முளைத்திருந்தது. மாடு மிதிக்கும் இடத்தில் புல் முளைக்காது. அதைச் சொல்ல எந்தப் பட்டமும் தேவையில்லை.

தொட்டியின் மட்டத்தைப் பார்த்துவிட்டுக் குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பார்க்காதவன் போல, நிற்கும் மாட்டை எண்ணிவிட்டு வரும் கன்றை எண்ணாமல் விட்டிருக்கிறேன். முதலாம் ஆண்டு மாணவன் விட்டால் பூச்சியம் போடுகிற பிழை. திரும்பும் வழியில் நீ குத்திக்காட்டவில்லை, அது உன் சுபாவத்துக்கு மாறானது என்பதால் எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஒரு அரிசிப் பையைக் கொண்டுவந்து என் மேசையில் கொட்டினாய். உள்ளே நீ ஏற்றிய ஒவ்வொரு லொறிக்குமான தாள். எத்தனை மாடு, மொத்த நிறை, எத்தனை நாகு, எந்தப் பட்டி, கீழே உன் கையெழுத்து. ஆறு வருடத்துத் தாள்கள், ஒன்றுகூட எறியாமல். கணினியில் ஏற்ற எனக்கு இரண்டு நாள் எடுத்தது. உன் சக ஓட்டுநர்கள் நான்கு பேரையும் அழைத்துக் கேட்டேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள்.

மேலாளர் தாள்களைப் புரட்டினார். "நீ ஒரு வாரத்துக்கு முன் இதற்கு எதிராக எழுதியிருக்கிறாய். இந்த ஓட்டுநர் யார்? அவரே வந்து சொல்லட்டும்," என்றார். வியாழக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, சாப்பாட்டு அறையில், ஷிஃப்ட் மாறும் நேரம். ஷிஃப்ட் ஓடுமா நிற்குமா என்ற பேச்சு என்பதால் வேலையாட்களும் இருக்கலாம் என்று சொல்லியிருந்தார்கள்.

நான் உடனே உனக்கு அழைத்தேன். "நீ வராதை. உன்ரை பேரை மறைச்சுக் குடுக்கிறன்."

"பேரில்லாத தாளை ஆர் நம்புவான்? பேரோடை சொல்லவே நீ நம்பேல்லை."

"டேய், அன்ரி அங்கை இருப்பா."

ஃபோனில் உனக்குப் பின்னால் எங்கோ மாடு ஒன்று கத்தியது.

"தெரியும். அவவின்ரை ஷிஃப்ட்தானே."

குளித்துவிட்டு வருவாய் என்றுதான் நினைத்தேன். நீ இறக்கிவிட்டு நேரே வந்தாய். ரப்பர் சப்பாத்து, முழங்கால் வரை சாணம், நெற்றியில் காலையில் பூசிய திருநீறு வியர்வையில் வழிந்தபடி. முன்வாங்கில் இருந்தவர்கள் மூக்கைப் பொத்தினார்கள். அன்ரி இரண்டாம் வாங்கில், தலைவலை போட்டு, சாப்பாட்டுப் பெட்டியை மடியில் வைத்தபடி இருந்தார். நீ அவரை ஒருதரம் பார்த்தாய். பிறகு மேலாளரைப் பார்த்து, உன் உடைந்த ஆங்கிலத்தில், பதினைந்து நிமிடம் பேசினாய். எந்தப் பட்டி, எந்த வரிசை, எத்தனை நாள், எத்தனை நாகு. ஒரு தாளையும் பார்க்கவில்லை. கேள்விகள் வந்தன. தெரிந்ததற்குப் பதில் சொன்னாய். தெரியாததற்குத் தெரியாது என்றாய். என் பதினெட்டுப் பக்கத்தில் தெரியாது என்ற சொல் ஒரு இடத்திலும் இல்லை.

பேசி முடித்ததும் அன்ரி எழும்பினார்.

"நீ தீன் ஏத்திறன் எண்டெல்லோ சொன்னனி?"

அறையில் பாதிப்பேருக்குத் தமிழ் தெரியும். மற்றப் பாதிக்கும் விளங்கிவிட்டது.

"பொய் அம்மா. மாடுதான். ஆறு வருசம்."

மணி அடித்தது. அன்ரி சாப்பாட்டுப் பெட்டியை மூடி, கையுறையை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனார்.

ஒப்பந்தம் அடுத்த வாரம் கையெழுத்தானது. நீ சொன்னதைவிடப் பிந்தித்தான் தட்டுப்பாடு வந்தது. அதுவரைக்கும் மேலாளர் என்னை முறைத்துக்கொண்டே திரிந்தார். வந்த பிறகு முறைக்கவில்லை. வேறு தொழிற்சாலைகளில் ஷிஃப்டுகள் நின்றன. எங்கள் பின்னேர ஷிஃப்ட் ஒரு நாளும் நிற்கவில்லை. இன்றைக்கும் ஓடுகிறது.

அன்ரி உன்னோடு மூன்று கிழமை கதைக்கவில்லை. சமைத்து மூடி வைத்துவிட்டு அறைக்குள் போய்விடுவார் என்று சொன்னாய். நீயும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் குளித்துவிட்டு வருவதை நிறுத்திவிட்டாய், வந்து வீட்டில் குளித்தாய். நான்காம் கிழமை லீவு நாள் ஒன்றில், சோற்றைப் போட்டபடியே கேட்டாராம்:

"வழியிலை அதுகளுக்குத் தண்ணி வைப்பியோ?"

"தூரம் குறைவம்மா, வழியிலை நிப்பாட்டிறேல்லை. ஏத்த முன்னம் எல்லாம் குடிச்சிட்டுதோ எண்டு நிண்டு பாத்துத்தான் ஏத்துவன்."

"வெய்யிலுக்கை நிப்பாட்டி வைக்கிறனியோ?"

"ஒருநாளும் இல்லை."

"ம். குழம்பு விடட்டே?"

இதை எனக்குச் சொல்லும்போது நீ சிரித்தாய், மச்சான். ஆறு வருடத்தில் உன் தோளிலிருந்து பாரம் இறங்கியதை அன்றைக்குத்தான் கண்டேன்.

அதற்குப் பிறகு இரத்தத்தில் நோய், ஆஸ்பத்திரி, ஏழு மாதம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. முப்பத்து மூன்று வயதில் அது நியாயமில்லை என்பதைத் தவிர.

செத்த வீட்டில் என்னைத்தான் பேசச் சொன்னார்கள். எழுதிக்கொண்டு போயிருந்தேன். "போக்குவரத்துத் துறையில் பணியாற்றிய" என்று தொடங்கினேன். கோயில் ஆட்கள், உறவுக்காரர், எல்லோரும் இருக்கிறார்களே என்று ஒரு நாகரிகம் பார்த்திருந்தேன். முன்வரிசையிலிருந்து அன்ரியின் குரல் வந்தது. அழுத குரல், ஆனால் தெளிவாக வந்தது.

"மாடு ஏத்தினவன் எண்டு சொல்லு தம்பி. அவன் ஒளிக்கேல்லை. நீ ஏன் ஒளிக்கிறாய்?"

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துவிட்டு மாடு ஏற்றினவன் என்று சொன்னேன். பிறகு புல் முளைத்த அடைப்புகளைப் பற்றிச் சொன்னேன். அந்த மண்டபத்தில் ஒருவருக்கும் ஃபீட்லொட் என்றால் என்னவென்று தெரியாது. இருந்தும் ஒருவரும் அசையவில்லை.

இப்போது என் அறிக்கை பதினெட்டுப் பக்கம் இல்லை, நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் "எனக்குத் தெரியாதவை" என்று ஒரு தலைப்பு உண்டு. அனுப்புவதற்கு முன் ஓட்டுநர்களை அழைக்கிறேன், இரண்டு பட்டிக்காவது நேரே போகிறேன். சப்பாத்தில் சாணத்தோடு அலுவலகத்துக்குள் வருவதாக ஒருமுறை முறைப்பாடும் வந்தது.

அறிக்கை போனதும் ரூஜுக்குப் போவேன். அன்ரிக்கும் கேட்க ஒரு கேள்வி இருக்கும், ஒவ்வொரு மாதமும் அதே கேள்வி. இன்று மத்தியானமும் தேத்தண்ணியை வைத்துவிட்டுக் கேட்டார்.

"நாகு கண்டுகளை இப்பவாவது வெட்டக் குடுக்காமல் விட்டு வைக்கினமாமோ?"

இவ்வளவு காலமும் இல்லை என்றுதான் சொல்லி வந்தேன். "கொஞ்சம் கொஞ்சமா விடத் தொடங்கியிருக்கினம் அன்ரி. ஓட்டுநர்மார் சொல்லினம், ஏத்திறதிலை நாகு குறைஞ்சு வருதாம்."

அவர் யோசித்தார். "அப்ப வெட்ட வாற மாடு இன்னும் குறையுமெல்லே?"

"ஓம். இப்போதைக்குக் குறையும்."

"குறையட்டும். அதுகள் கண்டு போடட்டும். பிறகு கூடும்."

இதை எங்கள் மேலாளர்களுக்கு விளங்கப்படுத்த எனக்கு ஒரு முழுக் காலை தேவைப்பட்டது, மச்சான். உன் அம்மா தேத்தண்ணி ஆறுவதற்குள் சொல்லி முடித்தார்.