நமத்துப்போன தீப்பெட்டி

1971 ஜூன் 14, திங்கள்

மீசை, இன்று ரயில்வே பாலத்தில் மூன்று இடத்தில் நின்றேன்.

நாலு பேர் எதிரில் உன்னை இப்படி நான் கூப்பிட்டதில்லை. "இந்தாங்க" என்பதோடு சரி. இந்த டைரியில் யார் கேட்கப் போகிறார்கள்? ஆபீஸில் உனக்குக் கொடுத்த டைரிதான். ஜனவரி பத்தொன்பதோடு உன் கையெழுத்து நிற்கிறது. "நைட் டூட்டி. காய்ச்சல்." பிறகு எல்லாம் வெள்ளைத் தாள். மஞ்சள் காமாலை உன்னைப் பத்தே நாளில் கொண்டுபோய்விட்டது. ஐந்தாவதோடு படிப்பு நின்றவள் எழுதுகிறேன். தப்பு இருந்தால் சிரிக்காதே.

நீ போனபின் இன்றுதான் கடைத்தெருவுக்குப் போனேன். பாலத்தில் மூச்சு வாங்கி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உன்னோடு போகும்போது ஏறுவதே தெரியாது. ஆனால் உன் பீடி உபத்திரவம் உண்டு. பாதிப் படியில் நின்றுகொண்டு குச்சி குச்சியாய் உரசுவாய். கேட்டால் தீப்பெட்டி நமத்துப்போச்சு என்பாய். "உங்க பீடிக்கு வேற இடமே கிடைக்கலியா?" என்று நான் கத்துவேன்.

இன்று கத்துவதற்கு ஆள் இல்லை.

ஜூன் 19

உன் அக்கா அங்காளம்மாள் பல்லாவரத்திலிருந்து வந்தாள். நான் ஒரு குடம் தண்ணீர் தூக்கிவிட்டு மூச்சு முட்டி உட்கார்ந்ததைப் பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, இப்டி வாங்குது? எந்தம்பிய நெனச்சு நெனச்சு நெஞ்சு காஞ்சி பூட்ச்சி உனக்கு. அவன்தான் உள்ள குந்திகினு கீறான்."

எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. படுத்தால் நெஞ்சின்மேல் ஒரு ஆள் கனம். நீ என்றால் இருந்துவிட்டுப் போ.

குடம் தூக்கிப் பழக்கம் விட்டுப்போய்விட்டது. எப்போதும் நீதானே பம்படிக்குப் போவாய். பொண்டாட்டிதாசன் என்று லைன் வீட்டுக்காரர்கள் எல்லாம் சிரிப்பார்களே.

ஜூன் 26

கடைத்தெரு டாக்டரிடம் போனேன். கையில் கட்டி பிரஷர் பார்த்தார். நார்மலாம். எப்போதிலிருந்து மூச்சு வாங்குகிறது என்று கேட்டார். "அவர் போனதிலேருந்து" என்றேன். அவர் முகமே மாறிவிட்டது. "மனக்கவலைம்மா. நாளாக ஆகச் சரியாப் போயிடும்" என்று ஒரு டானிக் எழுதினார்.

எனக்கு அதில் ஒரு நிம்மதி. பொய் சொல்லவில்லையே நான்.

ஜூலை 3

ஆபீஸிலிருந்து கடிதம். நீ பார்த்த வேலைக்கு ஈடாக எனக்கு ஸ்டேஷனில், பெண்கள் வெயிட்டிங் ரூமில் ஆயா வேலை தருவார்களாம். ரயில்வே டாக்டர் பரிசோதித்து, வேலைக்கு உடம்பு தகுதி என்று எழுத வேண்டும். இந்த வருஷத்துக்குள். இல்லாவிட்டால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

டானிக் ஒழுங்காகக் குடிக்க வேண்டும்.

ஜூலை 9

மூன்று தலையணை போட்டும் படுக்க முடியவில்லை. உட்கார்ந்தேதான் கண்ணயர்ந்தேன். காலும் வீங்கியிருக்கிறது.

ஜூலை 12

இருமினேன். முந்தானையில் ரத்தம். துளிதான், ஆனால் ரத்தம். இந்த ஊரில் அதற்கு ஒரே பெயர்தான். வேலை போச்சு, வீடு போச்சு என்று நினைத்துக்கொண்டே கல்லில் தேய்த்துத் தேய்த்துத் துவைத்தேன். பக்கத்து வீட்டு மெட்டில்டா அக்கா பார்த்துவிட்டார்கள். டி.பி. சானடோரியத்தில் நர்ஸ் ஆயிற்றே, அவர்கள் கண்ணுக்குத் தப்புமா?

"யாருக்கு ஒளிக்கிறே லோகா? இருபது வருஷமா நான் கழுவறது இதைத்தான். புடவையை அப்படியே போடு, நாளைக்கு என்கூட வா."

"வேணாங்க்கா, வேலை..."

"உசிரோட இருந்தாத்தான்டி வேலை."

ஜூலை 24

மூன்று நாள் சளி எடுத்துப் பார்த்தார்கள். ஒன்றுமில்லை. எக்ஸ்ரேயும் எடுத்தார்கள். அப்புறம் ஸ்ரீரங்கன் என்று ஒரு வயசான டாக்டர் என்னை இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். கச்சேரி கேட்பதுபோல அத்தனை நேரம்.

"டி.பி. இல்லம்மா. சின்ன வயசுல மூட்டு வீங்கிக் காய்ச்சல் வந்துதா?"

வந்தது. அனகாபுத்தூரில், பதினோரு வயதில். முழங்கால் வீங்கி இரண்டு மாதம் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் நின்றது அதனால்தான். இதை இந்த டாக்டர் எப்படிக் கண்டுபிடித்தார்?

அந்தக் காய்ச்சல் இதயத்தில் ஒரு கதவைச் சுருக்கிவிட்டதாம். அதில் ரத்தம் நுழைய முடியாமல் பின்னால் நுரையீரலில் தேங்குகிறதாம். நுரையீரல் குழாய்களில் அழுத்தம் ஏறிப்போயிருக்கிறதாம். "அது கையில கட்டிப் பார்க்கிற பிரஷர்ல தெரியாதும்மா. எத்தனை வருஷமா மூச்சு வாங்குது?"

"ஆறு மாசமா. அவர் போனதிலேருந்து."

"இருக்காது. இந்த அளவுக்கு வர வருஷக்கணக்கா ஆகும். நல்லா யோசிச்சுச் சொல்லு."

"எனக்குத் தெரியாதா சார், என் மூச்சு?" என்றேன். கோபமாகவே சொல்லிவிட்டேன். அவர் சிரித்துக்கொண்டே ஜெனரல் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்.

ஜூலை 25

அப்படியென்றால் நெஞ்சில் இருந்தது நீ இல்லையா? வெறும் கதவா? இது இன்னா நியாயம்? இத்தனை நாள் உன்னைச் சுமக்கிறதாத்தானே நெனச்சிகினு இருந்தேன்.

ஆகஸ்ட் 11

ஜெனரல் ஆஸ்பத்திரி. கை நரம்பு வழியாக மெல்லிய குழாய் ஒன்றை நெஞ்சுவரை விட்டு, உள்ளே இருக்கும் அழுத்தத்தை அளந்தார்கள். இருக்க வேண்டியதைப்போல மூன்று மடங்காம். ஆபரேஷன் செய்யலாம், செய்தால் அழுத்தம் இறங்கும், ஆனால் உயிருக்குக் கொஞ்சம் பயமும் உண்டு என்றார்கள். அதுவரை தினம் ஒரு மாத்திரை, நீர் இறங்க ஒரு மாத்திரை, உப்பு கூடாது.

ஆகஸ்ட் 22

நீர் மாத்திரை நன்றாக வேலை செய்கிறது. கால் வீக்கம் வடிந்தது. இரண்டு தலையணையில் படுக்கிறேன்.

உன் அக்கா எனக்குத் தெம்பு வரட்டுமென்று கருவாடு கொண்டுவந்தாள். மெட்டில்டா அக்கா வாசலிலேயே மறித்துப் பிடுங்கிக்கொண்டார்கள்.

"உங்க தம்பி பொண்டாட்டிய உப்புக் கண்டம் போடப் போறீங்களா?"

"ஐயே, வாய்க்கு ருசியா துண்ணாத்தானே ஒடம்புல ஒட்டும்!"

"ஒட்டும். தண்ணியா ஒட்டும்."

அந்தக் கருவாட்டை மெட்டில்டா அக்கா வீட்டில் அன்றைக்கே குழம்பு வைத்துவிட்டார்கள். வாசனை இங்கேவரை வந்தது. எவ்வளவு நாள் ஆச்சு நான் சிரித்து!

ஆகஸ்ட் 30

ஆபரேஷனுக்குக் கையெழுத்துப் போடவில்லை. போனால் உன்னிடம்தானே போகிறேன், எதற்கு அறுத்துக்கொள்ள வேண்டும் என்றேன். மெட்டில்டா அக்காவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது.

"போய் நில்லு உன் புருஷன் வேதாசலம் முன்னாடி. ஏன்டி இவ்ளோ சீக்கிரம் வந்தேன்னு கேப்பாரு. பயந்துட்டேன்னு சொல்லுவியா?"

நீ கேட்பாய். கேட்கிற ஆள்தான்.

ஆகஸ்ட் 31

கையெழுத்துப் போட்டேன்.

செப்டம்பர் 27

இன்றுதான் பேனா பிடிக்க முடிகிறது. ஆபரேஷன் ஆகி ஒன்பது நாள். இடப்பக்கம் விலாவைத் திறந்து, டாக்டர் தன் விரலை உள்ளே விட்டு அந்தக் கதவைப் பிரித்தாராம். விரலால்! கேட்டபோது மயிர்க்கூச்செறிந்தது. உன் அக்கா ஒன்பது நாளும் வராந்தாவில் பாய் போட்டுக் கிடந்திருக்கிறாள். என் தலையைக் கோதிக்கொண்டே, "பொழச்சிகினியாடி" என்றாள். அழுதாள். அவளுக்கு அழத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

மல்லாந்து படுத்தேன். ஒரு தலையணை.

நவம்பர் 15

அழுத்தம் நன்றாக இறங்கியிருக்கிறது, முழுசாக இல்லை என்கிறார்கள். மாத்திரை தொடர வேண்டும். அந்தக் காய்ச்சல் திரும்ப வராமல் மூன்று வாரத்துக்கு ஒரு பென்சிலின் ஊசி. இடுப்பில் போட்டால் இரண்டு நாள் நொண்ட வேண்டும். நொண்டுகிறேன், மூச்சு வாங்காமல்.

நவம்பர் 29

ரயில்வே டாக்டர் ஆபரேஷன் காகிதமெல்லாம் படித்துவிட்டு, கனம் தூக்காத வேலைக்குத் தகுதி என்று எழுதினார். பச்சை மையில் கையெழுத்து.

டிசம்பர் 6, திங்கள்

முதல் நாள் டூட்டி. நீலப் புடவை கொடுத்திருக்கிறார்கள். வெயிட்டிங் ரூம் முழுக்கப் பாகிஸ்தான் சண்டையைப் பற்றித்தான் பேச்சு.

காலையில் பாலம் ஏறினேன். மூச்சு வாங்கவில்லை. ஆனால் பாதிப் படி வந்ததும் கால் தானாக நின்றுவிட்டது. பின்னால் வந்த ஆள் இடித்துக்கொண்டு, "இன்னாம்மா, நடுவுல நின்னுகினு?" என்றான். ஏன் நின்றேன் என்று எனக்கே புரியவில்லை.

அப்போது உன்கூட வேலை பார்த்த, தண்டவாளம் மாற்றிவிடும் பாயின்ட்ஸ்மேன் அரிகிருஷ்ணன் எதிரே இறங்கி வந்தார். "இன்னாண்ணி, முடியலியா?" என்று பதறினார்.

"இல்லப்பா. உங்க அண்ணன் பீடி பத்தவைக்கிற இடம் இது. பழக்கத்துல கால் நின்னுடுச்சு."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அண்ணனா? பாலத்துலயா? ஏழு வருஷமா அவர்கூட டூட்டிக்கு ஏறி எறங்கியிருக்கேன். ரெண்டு ரெண்டு படியாத் தாவுவாரு. ஒரு நாளும் நின்னதில்லையே."

அவர் போய்விட்டார். நான் அங்கேயே நின்றேன்.

யோசிச்சுச் சொல்லு என்று டாக்டர் ஸ்ரீரங்கன் சொன்னார். இப்போதுதான் யோசிக்கிறேன். பம்படிக்கு என்னை விடமாட்டாய். அனகாபுத்தூருக்குப் போனால் ஒவ்வொரு மரத்தடியிலும் செருப்பில் கல் என்று உட்காருவாய். நான் "சோம்பேறி, சோம்பேறி" என்று சிரிப்பேன். நீ இருந்தவரை நான் ஒரு நாளும் மூச்சு வாங்கி நின்றதில்லை என்றுதான் எல்லா டாக்டரிடமும் சொன்னேன். சத்தியமாக அப்படித்தான் நம்பினேன். நின்னது எல்லாம் நீதானே.

சித்திரை மாசம், மண்டை பொளக்கிற வெயில்ல, மூணு குச்சி, நாலு குச்சி உரசினியே மீசை. அந்தத் தீப்பெட்டி நெசமாவே நமத்துத்தான் போயிருந்துச்சா?