பதினாறில் நின்ற வளையம்

மார்ச் 3, ஞாயிறு

குளித்து முடித்தும் இடது முழங்கை எரிகிறது. மைதானத்தில் காலையிலிருந்து நூற்று இருபது குண்டுகள் சுட்டேன். எல்லாம் அண்ணனின் அட்டைக்காக.

அவனுடைய ஏர் ரைஃபிளில் குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப் முப்பது மீட்டருக்கு நேராக்கப்பட்டது. அதைத் தாண்டினால் குண்டு தாழ்ந்துவிடும், மேலே பிடித்துச் சுட வேண்டும். எவ்வளவு மேலே? ஸ்கோப்புக்குள் குறுக்குக்கோட்டுக்குக் கீழே வரிசையாகப் புள்ளிகள் இருக்கின்றன. எந்தத் தூரத்துக்கு எந்தப் புள்ளியைக் குறியில் வைப்பது என்பதுதான் அட்டை.

நாற்பது மீட்டர் — ஒரு புள்ளிக்குக் கொஞ்சம் குறைவு.
நாற்பத்தைந்து — ஒன்றரைக்குக் கொஞ்சம் குறைவு.
ஐம்பது — இரண்டு.
எட்டு — இரண்டேகால்.

கடைசி வரியைப் பார்த்துவிட்டு அண்ணன் சிரித்தான். "மூக்குக்கு முன்னாடி இருக்கறதுக்கு எதுக்கு மேல புடிக்கணும்? கிறுக்கா உனக்கு?" ஸ்கோப் குழலுக்கு ஐந்து சென்டிமீட்டர் மேலே உட்கார்ந்திருக்கிறது, எட்டு மீட்டருக்குள் குண்டு அந்த உயரத்துக்கு ஏறி வந்திருக்காது என்றேன். சுட்டுப் பார்த்தான். குறியாக நிறுத்தியிருந்த தகரப் பறவை விழுந்தது. "அதத்தான் நானும் சொன்னேன்" என்றான். சொன்னாராம்!

மார்ச் 5, செவ்வாய்

நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் இன்று பதினொரு கண்ணாடிகள் விற்றன. ஒரு பெரியவர் பழைய கண்ணாடியைத் தலையில் ஏற்றிவிட்டுக்கொண்டு மேசை முழுக்கத் தேடினார். சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே போய்விட்டேன்.

மார்ச் 10, ஞாயிறு

அடுத்த ஞாயிறு கிளப் அணிக்கான தேர்வு. இருபது தகரப் பறவைகள். இந்த முறை என் விண்ணப்பத்தையும் கொடுக்கிறேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறான். துப்பாக்கி ஒன்றுதான், காலையில் அவன், மதியம் நான்.

கணவன் வீட்டை விட்டு இங்கே அண்ணன் வீட்டுக்கு வந்து நான்கு வருடம் ஆகிறது. கூடத்தில் பீரோவுக்குப் பின்னால் ஒரு கட்டில், அதற்குக் கீழே ஒரு பெட்டி. அண்ணி நல்லவள்தான். ஆனாலும் நான் டிவி சத்தத்தைக் கூட்டியதில்லை, இன்னொரு கரண்டி கேட்டதில்லை. மைதானத்தில் பாயில் உட்கார்ந்து மூச்சை நிறுத்தும்போது மட்டும் இது எதுவும் ஞாபகம் வருவதில்லை. எனக்கு அந்த அணியில் இடம் வேண்டும். வேண்டும்தான், எழுதிவிட்டேன்.

மார்ச் 16, சனி

அலமாரியில் இஸ்திரித் துணி எடுக்கப்போன இடத்தில், பழைய செய்தித்தாள்களுக்கு அடியில் என் விண்ணப்பம். கொடுக்கவே இல்லை!

கேட்டேன். "நீயும் சுட்டா என்கூட யாரு நிப்பா? அட்டைய பாத்து யாரு சொல்லுவா? அடுத்த வருஷம் பாக்கலாம்" என்றான், டீயை ஆற்றிக்கொண்டே. அண்ணி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "விட்டுடேன். அவருக்கு இருக்கற ஒரே சந்தோஷம் அது." எனக்கு மட்டும் என்ன, வரிசையில் நிற்கிறதா?

துணியை மடித்து அடுக்கினேன். எதிர்த்துப் பேசிவிட்டு எங்கே போவது?

மார்ச் 17, ஞாயிறு

செய்துவிட்டேன். இல்லை, செய்யாமல் விட்டுவிட்டேன். இரண்டில் எது சரி?

அந்த அட்டை ஜூம் பத்தில் இருந்தால்தான் செல்லும். ஜூமைக் கூட்டினால் பறவை பெரிதாகத் தெரியும், புள்ளிகள் மட்டும் அப்படியே நிற்கும். ஒவ்வொரு புள்ளிக்கும் மதிப்பு குறைந்துவிடும், அட்டைப்படி பிடித்தால் குண்டு குறிக்குக் கீழே போகும். இது அண்ணன் தலையில் ஏறவே இல்லை. அதனால் ஸ்கோப்பின் ஜூம் வளையத்தைப் பத்துக்குத் திருப்பி, பிறகு துப்பாக்கியை அவன் கையில் கொடுப்பது எப்போதும் என் வேலை. அவன் அந்தப் பக்கம் பார்ப்பதே கிடையாது.

இன்று அவன் நண்பர் ஒருவர் "பாக்கலாமா?" என்று வாங்கி, ஜூமைக் கூட்டிக் கடைசிப் பறவையை உற்றுப் பார்த்துவிட்டு என்னிடம் திருப்பித் தந்தார். வளையம் பதினாறில் நின்றது. பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். அப்படியே அண்ணனிடம் கொடுத்தேன்.

பக்கத்திலிருந்தவை விழுந்தன. தூரத்தில் இருந்த ஒன்றுகூட விழவில்லை. இருபதுக்கு ஒன்பது. அண்ணன் அட்டையைக் கிளப் செயலாளர் மேசையில் வீசினான். "இவ போட்டது சார். எல்லாம் தப்பு." செயலாளர் என்னைப் பாவமாகப் பார்த்தார். "பழகணும்மா. கணக்கு சுலபமா வந்துடாது."

மார்ச் 18, திங்கள்

வளையத்தைப் பத்துக்குத் திருப்பி வைத்தேன். யாரும் பார்க்கவில்லை.

மார்ச் 21, வியாழன்

அடுத்த மாதம் இன்னொரு தேர்வு வைக்கிறார்கள். செயலாளருக்கு நானே போன் செய்தேன். "மொதல்ல அட்டைய சரியா போடுங்க, அப்புறம் பாக்கலாம்" என்றார். அண்ணனோ எல்லா வரியையும் முதலிலிருந்து சுட்டு எழுதச் சொல்கிறான்.

அட்டை சரி என்று காட்ட எனக்கு ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தைச் சொன்னால் இந்தக் கட்டிலில் எப்படிப் படுப்பேன்? சொல்லாவிட்டால் ஊர் முழுக்க நான் கணக்குத் தெரியாதவள். நானே கட்டிய கூண்டு, வேறு யாரைத் திட்ட?

மார்ச் 24, ஞாயிறு

மறுபடியும் நூறு குண்டு. அதே அட்டை, ஒரு வரி மாறவில்லை. பத்தில் வைத்து அண்ணனும் சுட்டான். ஐம்பதில் ஐந்துக்கு ஐந்து.

அவன் சந்தோஷப்படவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, "கண்ணுதான் போல. விட்டுவிட்டு மங்குது. நிறுத்திடலாமா?" என்று கேட்டான். என்னிடம் கேட்டான்! இத்தனை வருடத்தில் என்னிடம் அவன் எதையும் கேட்டதில்லை.

மார்ச் 28, வியாழன்

அண்ணன் கடைக்கு வந்தான். கண் பார்க்க.

நாற்காலியில் உட்காரவைத்து, பரிசோதனைச் சட்டத்தை மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டேன். கடைசி வரி வரைக்கும் தடுமாறாமல் படித்தான். கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றேன். "பொய் சொல்லாத. மனசு கஷ்டப்படும்னு சொல்ற" என்றான். அந்தச் சட்டத்துக்குள் அவன் கண்கள் கலங்கியிருந்தன.

கையிலிருந்த வில்லையைக் கீழே வைத்தேன். "அண்ணா, அன்னிக்கு ஜூம் பதினாறுல இருந்துச்சு. நான் பாத்தேன். பாத்துட்டுத்தான் குடுத்தேன்."

அவன் சட்டத்தைத் தானே கழற்றி, கண்ணாடி கீறாமல் மேசையில் வைத்தான். "ஏன்?"

"என் விண்ணப்பத்த பேப்பருக்கு அடில பாத்தேன்ல, அதான்."

எழுந்து போய்விட்டான். அடித்திருந்தால்கூடத் தேவலை.

மார்ச் 30, சனி

துப்பாக்கி பீரோவுக்குள். சாவி அண்ணன் சட்டைப் பையில். அண்ணி தட்டை வைத்துவிட்டுப் போகிறாள், வா என்று சொல்வதில்லை. பீரோ என் கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது.

மார்ச் 31, ஞாயிறு

பஸ்ஸில் தனியாகக் கிளப்புக்குப் போனேன். செயலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனாவை மூடி மேசையில் வைத்தார். "கூட நிக்கறவனுக்கே இப்படிப் பண்ணா, உங்கள நம்பி யாரு பக்கத்துல உக்காருவா?" பிறகு, "ஆனா அட்டை சரி. அத நான் கிளப் நோட்டுல எழுதிடறேன்" என்றார். அடுத்த தேர்வில் சுடுவதற்குக் கிளப்பின் பழைய துப்பாக்கி ஒன்றைக் காட்டினார். அதற்கு அட்டையே இல்லை. தேர்வுக்கு மூன்று வாரம் இருக்கிறது.

ஏப்ரல் 9, செவ்வாய்

கடை முடிந்து தினமும் மைதானம். இந்தத் துப்பாக்கிக்கு வேகம் குறைவு. ஐம்பதுக்கு மூன்றேகால் புள்ளி. அழுகையாக வருகிறது, ஆனால் குண்டுகள் ஒரே இடத்தில்தான் விழுகின்றன.

ஏப்ரல் 21, ஞாயிறு

தேர்வில் இருபதுக்குப் பதினான்கு. அணிக்குப் பதினைந்து வேண்டுமாம்.

அட்டையை மூன்று தடவை பார்த்துவிட்டேன். அது சரியாகத்தான் இருந்தது. கை நடுங்கியது இரண்டில், தூரத்தைத் தவறாகக் கணித்தது மூன்றில், ஒன்றில் அவசரம். வேறு யார் மேலும் பழி போட முடியவில்லை.

வீட்டுக்கு வந்தபோது அண்ணன் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தான். இருபத்துநான்கு நாட்களாகப் பேசாதவன், நிமிராமலே கேட்டான்.

"எத்தன?"

"பதினாலு."

ஊசியை வாரில் குத்தி நிறுத்திவிட்டு, பக்கத்தில் கிடந்த முக்காலியைக் காலால் என் பக்கம் தள்ளினான். "எந்த ஆறு விட்ட? சொல்லு."

உட்கார்ந்தேன். ஆறையும் ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஆறையும் கேட்டான்.