ஐம்பத்து மூன்று தொள்ளாயிரம்

தம்பி,

இன்று காலையும் தராசு யாரையோ தாங்கிக்கொண்டு நின்றது. ஷட்டரைத் தூக்கி விளக்கைப் போட்டதும், ரப்பர் பாய்களின் வியர்வை வாடையோடு என் கண் அந்த மூலைக்குத்தான் போனது. ஏறி நின்று பார்க்கும் அதே பழைய இரும்புத் தராசு. பூட்டும்போது நானே பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்ட குண்டுகளில் பெரியது ஐம்பது கிலோவில் இருந்தது, சின்னது மூன்று தொள்ளாயிரத்தில் இருந்தது. தட்டு காலி. குண்டின் பாரத்துக்குத் தொங்கியிருக்க வேண்டிய தண்டு, சாயாமல் லேசாக நடுங்கிக்கொண்டு நேராக நின்றது. ஆள் ஏறி மூச்சைப் பிடித்துக்கொண்டால் அப்படித்தான் நிற்கும்.

முதல் நாள் ஏசி காற்று என்று நினைத்தேன். இரண்டாம் வாரம் எலி என்று நினைத்தேன். எலி கிலோ கணக்குப் பார்த்துக் குண்டு தள்ளுமா என்று என்னையே கேட்டுச் சிரித்துக்கொண்டேன். அந்தச் சிரிப்பு அதிக நாள் ஓடவில்லை. கோச் ஒரு பாகிஸ்தானி மெக்கானிக்கைக் கூட்டிவந்தார். அவன் தன் எடைக்கற்களை வைத்துப் பார்த்துவிட்டு, "மெஷின் பில்குல் டீக் ஹை, பாய்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

மெஷின் எப்போதும் சரியாகத்தான் இருந்தது. அது உனக்கும் தெரிந்திருக்கும்.

பிரான்சிலிருந்து பெரிய பாக்ஸர் வருகிறார் என்று கோச் சொல்லியிருந்ததால், நீ துபாயில் இந்த அல் கூஸ் ஜிம்முக்கு வந்த அன்று நான் சட்டையெல்லாம் இஸ்திரி போட்டு வந்திருந்தேன். "குட் மார்னிங் சார்" என்று பையை வாங்கக் கை நீட்டினேன். "சார் கீருன்னு கூப்டாதீங்கண்ணே. பாஸ்போர்ட்டுதான் பிரான்சு, அப்பா அம்மா காரைக்கால்" என்றாய். ஆறு வருஷமாக இந்த ஜிம்மில் இந்தியும் அரைகுறை ஆங்கிலமும் பேசித் தரை துடைத்தவனுக்கு அன்று வயிறு நிறைந்துவிட்டது. என் தொப்பையைத் தட்டி, "அண்ணே, நீங்க எந்த வெயிட் கிளாஸ்?" என்று கேட்டாய். பிரியாணி கிளாஸ் என்றேன். அதற்குப் பிறகு நாம் அண்ணன் தம்பிதான்.

உன் கதையைக் கைக்கட்டு சுற்றும்போது துண்டு துண்டாகச் சொன்னாய். பத்தொன்பது வயதில் பாரிஸில் முதல் சண்டை. இரண்டு தடவை பிரான்ஸ் சாம்பியன். ஐரோப்பியப் பட்டத்தைப் புள்ளியில் விட்டது. பிறகு உடைந்த விரல், கூப்பிடாத போன், முப்பத்து நான்கு வயதில் துபாய். "பேண்டம் வெயிட்காரன் சண்டைய யாரு பாக்குறா? ஜனங்க சீட்டு தேடிட்டு இருப்பாங்க, அதுக்குள்ள நாங்க அடிச்சு முடிச்சிருவோம்" என்பாய். இன்னொன்றும் சொல்வாய்: "எடைதாண்ணே எனக்கு எதிரி. ரிங்குல நிக்கிறவன் விருந்தாளி."

எடை பார்க்கும்போது நீ மட்டும் கண்ணை மூடிக்கொள்வாய். பட்டத்தை விட்ட சண்டைக்கு எடை பார்த்தபோது நீயே முள்ளைப் பார்த்தாயாம். அதிலிருந்து அந்தப் பழக்கம். "நான் பாத்தா கூடுதுண்ணே, நீங்க படிங்க." உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, உன் எடையைப் படிக்கும் வேலை எனக்கு வந்தது. எனக்கு அதில் பெருமை கூட இருந்தது.

கடைசிச் சண்டைக்கான எடை பார்ப்புக்கு முந்தைய மாலை. ஜெயித்தால் மறுபடி ஐரோப்பியப் பட்டத்துக்கு வாய்ப்பு. பேண்டம் வெயிட்டுக்கு ஐம்பத்து மூன்றரை கிலோவுக்கு மேல் ஒரு பொட்டுக் கூடாது. இரண்டு நாளாக நீ தண்ணீர் குடிக்கவில்லை. உதடு வெடித்து, கன்னம் ஒட்டி, தட்டில் ஏறவே என் தோளைப் பிடித்தாய். கண்ணை மூடி, "சொல்லுங்கண்ணே" என்றாய். தண்டு ஐம்பத்து மூன்று தொள்ளாயிரத்தில் நேரானது.

"ஐம்பத்து மூணு நானூறு" என்று படித்தேன்.

தாகத்தோடு ஒருவன் முன்னால் நிற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். ராத்திரித் தூக்கத்தில் கொஞ்சம் இறங்கிவிடும், காலையில் சரியாக இருக்கும் என்று நானாகக் கணக்குப் போட்டேன். கண்ணைத் திறந்து, "அப்ப ரெண்டு டம்ளர் குடிக்கலாம்ல?" என்று சிரித்தாய். நானே பிடித்துக் கொடுத்தேன். மடக் மடக்கென்று நீ குடித்ததைப் பார்த்துக்கொண்டு நின்றேன். ராத்திரி இறங்க வேண்டியது அந்த இரண்டு டம்ளரில் திரும்ப ஏறிவிட்டது.

மறுநாள் ஓட்டல் மேடையில் எடை பார்த்தபோது நானூறு கிராம் அதிகம். இரண்டு மணி நேரம் கொடுத்தார்கள். வியர்க்க வைக்கும் பிளாஸ்டிக் உடுப்பைப் போட்டுக்கொண்டு ஆகஸ்ட் வெயிலில் ஓடினாய். பிறகு வெந்நீர்த் தொட்டி. ஆவிக்குள் உட்கார்ந்து பிரெஞ்சில் எண்ணிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்திக் கேட்டாய்: "அண்ணே, நேத்து சரியாத்தானே படிச்சீங்க?"

"சரியாத்தான் படிச்சேன். நீதான் தண்ணி குடிச்சே."

நீ தலையாட்டிவிட்டு மறுபடி எண்ண ஆரம்பித்தாய். எடை சரியானது. அடுத்த நாள் எட்டாவது ரவுண்டில், அப்படியொன்றும் பலமில்லாத ஓர் அடிக்கு உட்கார்ந்தாய். எழுந்திருக்கவில்லை. மூளையில் கசிவு, உடம்பில் ஈரமே இல்லை என்றார் டாக்டர். நான்காம் நாள் நீ இல்லை.

உன் அம்மா வந்தார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "போன்ல ஒங்கள பத்தியேதான் பேசுவான் தம்பி. அண்ணன் இருக்காரு, அவரு பாத்துக்குவாருன்னு சொல்லுவான்" என்றார்கள். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.

இப்போது எனக்குத் தொப்பை இல்லை. பக்கத்து பார்மசி மெஷினில் எழுபத்தொரு கிலோ. நம் தராசில் ஏறினால் எழுபத்தொன்று நானூறு. வரவேற்பில் இருக்கும் மலையாளிப் பெண் ஏறினால் இரண்டிலும் ஒரே எடை, கோச்சுக்கும் அப்படியே. எனக்கு மட்டும் அந்த நானூறு கூடுகிறது. நான் சுமப்பது இந்தத் தராசுக்கு மட்டும் தெரிகிறது என்று வைத்துக்கொண்டேன்.

தராசைத் தூக்கிப் போட்டுவிட்டு டிஜிட்டல் வாங்கலாம் என்கிறார் கோச். வேண்டாம் என்று கெஞ்சி வைத்திருக்கிறேன். காலையில் நான் வரும்வரை நீ கண்ணை மூடிக்கொண்டு நிற்பாய் என்பது எனக்குத் தெரியும். அதனால் பையைக்கூட இறக்காமல், பயத்தோடுதான், தராசுக்குப் பக்கத்தில் போய் நின்று சத்தமாகப் படிக்கிறேன்.

"ஐம்பத்து மூணு தொள்ளாயிரம், தம்பி. தண்ணி குடிக்காதே."

யாரோ இறங்கியதுபோல் தண்டு டக்கென்று விழுகிறது. குண்டுகளைப் பூஜ்யத்துக்குத் தள்ளிவிட்டுத் துடைப்பத்தை எடுக்கிறேன். தட்டின் மேல், ஒவ்வொரு நாளும், இரண்டு பாதங்களின் ஈரம் இருக்கிறது. அதை மட்டும் நான் துடைப்பதில்லை.