காலி அறைகளில் ஏசி

செவ்வாய், இரவு.

லாட்ஜில் மின்சாரச் சிக்கனத்தைச் சோதிக்க இன்று ஆட்கள் வந்தார்கள். ஆளில்லாத அறைகளிலும் ஏசி ஓடிக்கொண்டிருந்தது. தங்குகிறவர் வெளியே போகும்போது சுவர்ப் பெட்டியிலிருந்து சாவி அட்டையை உருவினால் அறையில் கரண்ட் நிற்க வேண்டும். அந்த இடத்தில் பழைய அட்டைகள் செருகப்பட்டிருந்தன.

“எவரு பெட்டாரு? யாரு வெச்சது?” என்று மேனேஜர் தெலுங்கிலும் தமிழிலும் கத்தினார். அறை சுத்தம் செய்யும் மல்லிகா அக்கா ரிசப்ஷனில் இருந்த என்னைப் பார்த்தார். நான் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். நாளை முதல் வர வேண்டாம் என்று அக்காவை அனுப்பிவிட்டார்கள்.

ஊருக்குத் திரும்பும் பாகாலா பஸ்ஸில் அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“ஏன் மூஞ்சிய தொங்கப் போட்டுக்கினு வர? அந்தாளு சொன்னதத்தான நீ வந்து எங்கிட்ட சொன்ன? வாயத் தொறந்திருந்தா உன் வேலையும் பூடும். உங்க நைனா கஷ்டப்பட்டுப் படிக்க வெச்சிக்கிறாரு.”

மேனேஜர் அப்படிச் சொல்லவேயில்லை. மலையில் சாமி பார்த்துவிட்டு இறங்கி வந்து தங்குகிறவர்கள் அறை சூடாக இருக்கிறதென்று என்னைத்தான் திட்டுவார்கள். எனக்குப் பதில் பேச வராது. அதனால் நானாகத்தான் அட்டையைச் செருகி வைக்கச் சொன்னேன். என் பேச்சை அக்கா கேட்க மாட்டாரோ என்று மேனேஜர் பெயரைச் சேர்த்துக்கொண்டேன்.

இறங்கும்போது அக்கா, “அந்த மேனேஜரு நல்லாவே இருக்க மாட்டான் பாரு” என்றார்.

“ஆமாக்கா” என்றேன்.