திறக்காத மோட்டார்

ஜூன் 7

அன்புள்ள அக்காவுக்கு,

அன்று காலை வாசலில் நான் சொல்லாமல் விட்டவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். உன் பெரிய பெட்டியின் பூட்டு சரியாக விழவில்லை என்று சொல்லவில்லை. போகாதே என்று சொல்லவில்லை. நீ காரில் உட்கார்ந்து வைப்பரை ஒரு தடவை ஓடவிட்டுப் பார்த்து, "திருகாணி, இதை நம்பி மலையேறலாமாடி?" என்று கேட்டபோது "ம்" என்றேன். அந்த மோட்டாரை நான் திறக்கவே இல்லை என்று சொல்லவில்லை.

நான்கு தாள்களில் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது.

பிப்ரவரியில், வைப்பர் சோம்பிச் சோம்பி ஓடுகிறது என்று நீ சொன்னதும் மோட்டாரைக் கழற்றி என் மேசைக்குக் கொண்டுவந்தேன். உள்ளே கியர் தேய்ந்திருக்கும், நாற்பது வருஷத்துக் கிரீஸ் மெழுகாக உறைந்திருக்கும் என்று பார்க்காமலே சொன்னேன். பழைய கார் வைத்திருப்பவர்கள் எனக்கு அனுப்புகிற மோட்டார்களில் பத்துக்கு ஒன்பது அப்படித்தான் வருகின்றன. புது கியர் இன்னும் வரவில்லை என்று நான்கு மாதம் சொன்னேன். அது இரண்டாவது வாரமே வந்துவிட்டது. இழுப்பறையில்தான் இருந்தது.

வைப்பர் இல்லாத காரில் நீ மலைக்குப் போக மாட்டாய். போகாதவரை இங்கே இருப்பாய். எனக்குத் தோன்றியது அவ்வளவுதான். அங்கே கால்நடை மருத்துவமனையில் வேலைக்குச் சேரும் தேதியை நீ இரண்டு தடவை தள்ளிப்போட்டாய். இரண்டு தடவையும் அன்றைக்கு நான் நிம்மதியாகத் தூங்கினேன்.

பிறகு ஒரு சாயங்காலம் வந்து, "நாளைக்குக் காலையில கிளம்பறேன். மோட்டார் இருந்தாலும் சரி, இல்லாட்டியும் சரி" என்றாய். ஆறு மணி நேர வேலைதான் அக்கா. உட்கார்ந்திருந்தால் முடித்திருப்பேன். ஆனால் ஒரே மூச்சில் முடித்துக் கொடுத்தால், அப்போ நாலு மாசம் என்னடி பண்ணினே என்று கேட்பாய். அந்தக் கேள்விக்குப் பயந்து, வெளியே தேய்த்து, முழுக்கக் கருப்பு பெயிண்ட் அடித்து, புது திருகு போட்டு மாட்டிவிட்டேன். நீ தொட்டுப் பார்த்து, "புதுசு மாதிரி பண்ணிட்டியே" என்றாய்.

மாட்டியதும் நன்றாகத்தான் ஓடியது. பயமே அதுதான். இங்கே வெயிலில் கிரீஸ் இளகியிருக்கும். அங்கே குளிரில் மறுபடி இறுகும். மழை வலுக்கிற நேரத்தில் நின்றுவிடும்.

கண்ணாடிமேல் தண்ணீர் பீய்ச்சும் வாஷர் பம்ப்பை மட்டும் ஒழுங்காகப் பிரித்துச் செய்தேன். அதை நம்பலாம்.

உன் மருத்துவமனை எண்ணுக்கு எட்டு தடவை போட்டேன். மணிகூட அடிக்கவில்லை. இது கிடைத்ததும் மழையில் காரை எடுக்காதே. மோட்டாரைக் கழற்றி பார்சலில் அனுப்பு.

உன் தங்கை,
திருகாணி


ஜூன் 9

என் அருமைத் திருகாணிக்கு அக்கா எழுதுவது.

சுகமாக வந்து சேர்ந்தேன். பெட்டி வழியில் திறந்துகொண்டு, துணியெல்லாம் பின் சீட்டில் உட்கார்ந்து வந்தது. உனக்குச் சிரிப்பாக இருக்கும்.

குடியிருக்க இரண்டு அறைகள். ஒன்றில் நான், இன்னொன்றில் மருந்துப் பெட்டிகள். ஜன்னலைத் திறந்தால் சுவர். மரம் விழுந்து தொலைபேசிக் கம்பி அறுந்துவிட்டதாம். மழை ஓய்ந்தபிறகுதான் சரிசெய்வார்களாம். தபால், வாரத்துக்கு இரண்டு நாள் பஸ்ஸில் வருகிறது. கம்பவுண்டர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, இங்க மாடெல்லாம் உங்களைவிட மூணு மடங்கு. உதைச்சா எந்த ஊர்ல போய்த் தேடறதுன்னு சொல்லிட்டுப் போங்க" என்றார். நல்ல மனிதர்.

உன் வைப்பரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்றத்தில் இரண்டு மணி நேரம் கொட்டித் தீர்த்தது. லாரிக்காரர்கள்கூட ஓரமாக ஒதுங்கிவிட்டார்கள். நான் ஒருத்திதான் நிற்காமல் வந்தேன். நம் கிழட்டுக் காரின் வைப்பர் ஒரு தடவைகூட முனகவில்லை. டீக்கடையில் ஒருவர் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, "வைப்பர் யாரு பண்ணிக் குடுத்தது?" என்றார். "என் தங்கச்சி" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

நாளையிலிருந்து விடியற்காலையிலேயே கிராமங்களுக்குப் போக வேண்டும். மழை பெய்தால் என்ன, எனக்கென்ன பயம்?

உட்கார்ந்து சாப்பிடுகிறாயா, இல்லை கையில் புத்தகத்தோடு நின்றபடியே கொறிக்கிறாயா? உண்மையைச் சொல்.

அன்புடன்,
அக்கா


ஜூன் 16

அன்புள்ள அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. என்னுடையது கிடைப்பதற்கு முன்பே எழுதியிருக்கிறாய். லாரிகள் ஒதுங்க நீ மட்டும் போன இடத்தை மூன்று தடவை படித்தேன். நாலாவது தடவை முடியவில்லை.

சத்தமாகச் சொன்னாயாமே. இனி யாரிடமும் சொல்லாதே.

முந்தாநாள் ஒரு காரியம் செய்தேன். மேசையில் இருந்த ஒரு பழைய மோட்டாரைத் திறக்காமல், பையில் சுற்றி, ஃபிரிட்ஜில் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் காலைமுதல் சாயங்காலம்வரை வைத்தேன். எடுத்து பேட்டரியில் இணைத்ததும் அரைச் சுற்று சுற்றியது. பிறகு நின்று வெறுமனே உறுமியது. தொட்டால் சுட்டது. அதிலிருந்து எனக்கு வேறு வேலை ஓடவில்லை. செய்தித்தாளில் மலைப்பகுதி மழையளவைத்தான் முதலில் பார்க்கிறேன். இன்று உங்கள் பக்கம் மண் சரிந்ததாகப் போட்டிருந்தான். அந்தப் பக்கத்தை மடித்து வைத்தேன், மறுபடி பிரித்தேன்.

கடிதம் கிடைத்தது என்று ஒரே ஒரு வரி எழுது. திட்டி எழுதினாலும் சரி.

நின்றபடிதான் சாப்பிடுகிறேன்.

திருகாணி


ஜூன் 25

தங்கைக்கு,

மண் சரிந்து எட்டு நாள் பஸ் வரவில்லை. உன் இரண்டு கடிதங்களும் நேற்று ஒன்றாக வந்தன.

வைப்பர் அதற்கு முன்பே நின்றுவிட்டது. பதினைந்தாம் தேதி காலை. மேல் கிராமத்தில் ஒரு பசுவுக்குக் கன்று குறுக்கே சிக்கிக்கொண்டது என்று ஆள் அனுப்பிச் சொல்லியிருந்தார்கள். நல்ல மழை. மூன்றாவது வளைவில் வைப்பர் பாதிக் கண்ணாடியில் அப்படியே நின்றது. சுவிட்சை எத்தனை தடவை தட்டியும் அசையவில்லை. பக்கக் கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டிக் கொஞ்ச தூரம் ஓட்டினேன். ஒரு பக்கம் பள்ளம். எதிரே ஹார்ன் சத்தம் கேட்டது, வண்டி தெரியவில்லை. ஓரமாக நிறுத்திவிட்டேன். மழை விட ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது கன்று செத்திருந்தது. பசுவைக் காப்பாற்ற முடிந்தது. அந்த வீட்டுக்காரம்மா என் தலை நனைந்திருக்கிறது என்று துண்டு கொண்டுவந்து கொடுத்தார். அதைத்தான் தாங்க முடியவில்லை.

மறுநாள் இங்கே டிராக்டர் பழுது பார்ப்பவரிடம் காரை விட்டேன். அவர் மோட்டாரைத் திறந்தார். "உள்ள அருமையா இருக்கும்மா. கியர் புதுசு, கிரீஸ்கூட இன்னும் மஞ்சளா இருக்கு. யாரு பண்ணினது?" என்றார். உன் கடிதம் அப்போது வந்திருக்கவில்லை. "என் தங்கச்சி" என்று மறுபடியும் சொன்னேன். நமக்குக் கார் விற்றவர் செய்து வைத்திருக்கிறார் போலிருக்கிறது என்று இப்போதுதான் தெரிகிறது.

பிறகு அவர் மோட்டாரைத் திருப்பி, காரோடு திருகி மாட்டுகிற அதன் காலைப் பார்த்தார். "உங்க தங்கச்சி மேக்கப்பை இங்க வரைக்கும் போட்டுட்டாங்களே. கரண்ட் இந்தக் கால் வழியாத்தானே கார் பாடிக்குத் திரும்பிப் போகணும். பெயிண்ட் குறுக்க நின்னா எப்படிப் போகும்? திருகு கீறின இடத்துல ஒட்டிக்கிட்டு இத்தனை நாள் ஓடியிருக்கு. ஆட்டத்துல அதுவும் விட்டுப்போச்சு" என்றார். பேனாக்கத்தியால் சுரண்டி மாட்டினார். ஓடியது. முன்பு மெதுவாக ஓடியதற்கும் அந்த இடத்தில் இருந்த துருதான் காரணமாக இருக்கும் என்றார். மூன்று நிமிஷ வேலையாம்.

மோட்டாருக்காக உன்னை மன்னித்துவிட்டேன் என்று எழுதலாம். அது சுலபம். எனக்கு அந்த நாலு மாதத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. தினமும் சாயங்காலம் "வந்துடுச்சாடி?" என்று கேட்டேன். "இல்லக்கா" என்று என் முகத்தைப் பார்த்தே சொன்னாய்.

போகாதே என்று நீ சொல்லியிருந்தாலும் நான் நின்றிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்போம், இரண்டு பேரும் அழுதிருப்போம், நான் கிளம்பியிருப்பேன். ஆனால் இப்படி உட்கார்ந்து, நீ இதுவரை சொன்னதில் இன்னும் எதெல்லாம் பொய் என்று யோசித்துக்கொண்டிருக்க மாட்டேன்.

மோட்டாரை அனுப்பப் போவதில்லை. கொஞ்ச நாள் எழுதாதே. நானே எழுதுகிறேன்.

அக்கா


நவம்பர் 3

அன்புள்ள அக்கா,

உன் தபால் அட்டை நேற்று வந்தது. "போன் சரியாகிவிட்டது. ஆனால் கூப்பிடாதே, எழுது." நான்கு மாதத்துக்குப் பிறகு உன் கையெழுத்தைப் பார்க்கிறேன். சரி, எழுதுகிறேன்.

இன்னும் எதெல்லாம் பொய் என்று யோசிப்பதாக எழுதியிருந்தாய். நானும் யோசித்தேன். ஒன்று இருந்தது. போன வருஷம் இந்த வேலைக்காக உனக்கு வந்த நேர்முகத் தேர்வு அழைப்பை, அன்றைக்குத்தான் வந்தது என்று சொல்லி உன் கையில் கொடுத்தேன். அது வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. என் அகராதிக்குள் வைத்திருந்தேன். நீ தேர்வுக்குச் சரியான நேரத்தில் போய்விட்டாய் என்பதால் அது பொய் இல்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். வேறு எதுவும் இல்லை. இதை நம்புவதும் நம்பாததும் உன் விருப்பம்.

மழையளவைப் பார்க்கும் பழக்கம் இன்னும் விடவில்லை. சில காலை, கை மேசையில் இருக்கும், மனசு மூன்றாவது வளைவில் நிற்கும். அந்த வீட்டுக்காரம்மாவுக்கு எழுத உட்கார்ந்தேன். என்னை யாரென்று சொல்வது என்று தெரியாமல் மூடி வைத்துவிட்டேன். அதை நீயே கொண்டுபோய்க் கொடு என்று உன்மேல் சுமத்த எனக்கு உரிமை இல்லை.

உன் கம்பளியும் புத்தகங்களும் ஐந்து பெட்டி ஆயின. பூட்டையெல்லாம் இழுத்துப் பார்த்து, செவ்வாய்க்கிழமை பஸ்ஸில் ஏற்றினேன். உன் அறைக்கு ஒரு பள்ளிக்கூட டீச்சர் குடிவருகிறார். இன்று மதியம் கட்டில் வந்து இறங்கியது. சாவியை அவரிடம் கொடுத்துவிட்டேன்.

தங்கை